வைத்தியர் தைத்த பொத்தான்

எங்கள் ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் ஒரு தையல் அறை இருக்கிறது. கிழிந்த படுக்கை விரிப்பு, நோயாளிச் சட்டை, ஊழியர் சீருடை எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். அந்த அறையில் பத்தொன்பது வருடம் நான்கு மாதமாக வேலை பார்ப்பவரைப் பற்றி எழுதுகிறேன். எல்லோருக்கும் அவர் தையல் அக்கா. அவரைவிடப் பதினேழு வயது மூத்த நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

விரிப்பு கிழிந்திருக்கும் விதத்தைப் பார்த்தே எந்த வார்டு என்று சொல்லிவிடுவார். மூலை கிழிந்திருந்தால் குழந்தைகள் வார்டு. குதிகால் படும் இடம் நைந்திருந்தால் எலும்பு முறிவு வார்டு. நான் துணிக் கிடங்கில் பதிவேடு எழுதிய காலத்தில் நாற்பது முறை சோதித்தேன். முப்பத்தேழு சரியாக இருந்தது.

அக்கா தன் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். "எங்க வீட்டுல என்கிட்ட, குழம்புல உப்பு போதுமான்னு கேட்பாங்க. அதுக்கு மேல எதுக்கும் என் அபிப்பிராயம் தேவைப்பட்டதில்ல" என்று ஒருமுறை சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னார். மதியச் சாப்பாட்டையும் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி முடித்துவிடுவார்.

இதை மாற்றியவர் லிஃப்ட்காரர். சென்ற வருடம் ஒரு திங்கட்கிழமை துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, நேத்து அந்தப் பனிக்கடல் தொடர் பார்த்தீங்களா?" என்று கேட்டார். அக்கா பார்த்திருந்தார். அண்ணியிடம் கெஞ்சி ஞாயிறு மாலை ஏழு மணி முதல் எட்டு வரை டிவியைத் தன் பங்காக வாங்கியிருந்தார்.

அது வேற்று நாட்டுத் தொடர், நம் பாஷையில் பேச வைத்தது. கப்பல் உடைந்து பதினான்கு பேர் ஆளில்லாத ஒரு வானிலை நிலையத்தில் ஒதுங்குகிறார்கள். சாப்பாடு குறையக் குறைய ஆளும் குறைகிறது. அவர்களுடைய பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் வைத்தியர், சமையல்காரி, கேப்டன் என்றே பேசினோம். திங்கட்கிழமை பத்து நாற்பதுக்கு டீ வரும். பதினொன்று ஐந்து வரை பேச்சு. அக்கா, லிஃப்ட்காரர், கீழ்த்தளத்தில் பெரிய சலவை இயந்திரங்களை ஓட்டும் சலவை மாஸ்டர், நான் என நாலு பேர். ஓய்வு பெற்ற பிறகும் பழைய பதிவேடுகளைச் சரிபார்க்க நான் திங்களும் வியாழனும் போய்வருகிறேன். யார் என்ன ஊகம் சொன்னார்கள் என்பதை ஒரு நோட்டில், சொன்ன சொல் மாறாமல் எழுதி வைத்தேன்.

ஆறாவது வாரம் வைத்தியர், இருந்த ஒரே கயிற்றையும் மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, எட்டு நாளில் உதவியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"போனவன் போனவன்தான்" என்றார் சலவை மாஸ்டர். இயந்திரச் சத்தத்திலேயே வாழ்பவர், சாதாரணமாகப் பேசினாலே வார்டில் நோயாளிகள் எழுந்துவிடுவார்கள். "மருந்துப் பெட்டியை எதுக்கு எடுத்துட்டுப் போறான்? வழியில ஆஸ்பத்திரி கட்டவா?"

"அவர் வருவார்" என்றார் அக்கா.

"எப்படிச் சொல்றீங்க?"

"கிளம்புறதுக்கு முன்னாடி சமையல்காரி கோட்டுக்குப் பொத்தான் தைச்சுக் கொடுத்தார் பாருங்க. கேமரா கிட்டப் போய்க் காட்டுச்சு. பொத்தானுக்கு அடியில நூலை நாலு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டார். ரெண்டு சுத்தே போதும். ஓடிப்போகப் போறவன் நாலு சுத்து சுத்த மாட்டான். அந்தக் கோட்டு அடுத்த குளிருக்கும் உழைக்கணும்னு நினைக்கிறவன்தான் சுத்துவான்."

சலவை மாஸ்டர் டீ புரையேறும் வரை சிரித்தார். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அன்று அக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். சுவர் பக்கம் திரும்பவில்லை. இதையும் நோட்டின் ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

ஏழாவது வாரத்திலிருந்து லிஃப்ட்காரரின் ஊகங்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை. கேப்டன் பனியில் விழுவார் என்றார், விழுந்தார். அடுப்பு வெடிக்கும் என்றார், வெடித்தது. சலவை மாஸ்டர் அவருக்குக் குறிகாரர் என்று பெயர் வைத்தார். "மேலேயும் கீழேயும் போய்வர்றவருக்கு எல்லாமே தெரியுது!" வைத்தியர் விஷயத்தில் மட்டும் குறிகாரர் எதையும் அடித்துச் சொல்லமாட்டார். "அது அக்கா டிபார்ட்மெண்ட்" என்று ஒதுங்கிக்கொள்வார்.

வாரங்கள் போயின. வைத்தியர் வரவில்லை. பதினைந்தாவது வாரம் அக்கா தளர்ந்துவிட்டார். "விட்டுடலாம்னு பார்க்கிறேன். எல்லாரும் சொல்றதுதான் நெசம்போல" என்றார். "விடாதீங்க அக்கா. பொத்தான் பொய் சொல்லுமா?" என்றார் லிஃப்ட்காரர். அக்காவின் முகம் தெளிந்தது. மறுவாரமே புதுப்புது ஆதாரங்களோடு வந்தார். வீட்டில் அண்ணனோடும் வாதாடியதாகச் சொன்னார். "எதிர்த்துப் பேசினேன் ஐயா! அண்ணி கரண்டியை அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க."

இருபத்து நான்காவது வாரம் தொடர் முடிந்தது. வைத்தியர் போன ஏழாவது நாளே ஒரு துறைமுக ஊரை அடைந்திருந்தார். பின்னால் பதின்மூன்று பேர் இருப்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கடைசிக் காட்சியில் கணப்புக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அக்கா வந்ததும் சலவை மாஸ்டர் இரண்டு கைகளையும் டீ கிளாஸுக்கு மேல் நீட்டிக் குளிர்காய்வதுபோலக் காட்டினார். "அக்கா, உங்க ஆளு சௌக்கியமா இருக்கார்!"

அக்காவே சிரித்துவிட்டார். "தையல்ல தப்பு சொல்ல முடியாது மாஸ்டர். ஆள்தான் தப்பு. சரி, ஐயா, முதல்லேர்ந்து படிங்க. யார் எத்தனை உளறினோம்னு கேட்போம்."

படித்தேன். சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பதினோராவது வாரத்தில் லிஃப்ட்காரர் சொன்னதைப் படித்தேன்: "அக்கா சொல்ற மாதிரி பாசக்காரர்தான். சமையல்காரியோட பச்சைக் கையுறையைக்கூட பாக்கெட்ல வச்சிருக்காரே."

"இருங்க ஐயா" என்றார் அக்கா. "திரும்பப் படிங்க."

படித்தேன்.

"அது எந்த வாரம்?"

"பதினொன்று."

"கையுறை வந்தது பதினேழுல, அவர் கிளம்பின நாளைத் திரும்பக் காட்டினப்பதான். அதுக்கு முன்னாடி காட்டவே இல்ல. நான் அன்னைக்குத்தான் அதோட பின்னலைப் பத்திச் சொன்னேன். பாருங்க."

பதினேழாவது வாரத்தைப் புரட்டினேன். இருந்தது. 'தையல் அக்கா: கையுறை பச்சை நிறம், இரட்டைப் பின்னல், இன்றுதான் தெரிகிறது.' இரண்டு வரிகளையும் எழுதியவன் நான். ஆறு வார இடைவெளி என் கண்ணில் படவே இல்லை.

கீழே யாரோ லிஃப்ட் மணியை அடித்தார்கள். லிஃப்ட்காரர் எழுந்திருக்கவில்லை.

"தங்கச்சி மாப்பிள்ளை தொடர் மொத்தத்தையும் பென் டிரைவ்ல கொண்டுவந்து கொடுத்தான் அக்கா" என்றார் கடைசியில். "அந்த நாட்டுல இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சது. ஆறாவது வாரம் வைத்தியர் போனதும் என்னால பொறுக்க முடியல. ரெண்டே நாள்ல எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

"அட குறிகாரா!" என்றார் சலவை மாஸ்டர். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"பார்த்தது தப்பில்ல" என்றார் அக்கா. "பதினைஞ்சாவது வாரம் நான் விட்டுடறேன்னு சொன்னேன். அப்ப உங்களுக்கு முடிவு தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே விடாதீங்கன்னு சொன்னீங்க."

"நீங்க விட்டுட்டா பேச்சே முடிஞ்சுபோயிடும் அக்கா. நீங்க அந்தாளுக்காக வாதாடுறதைக் கேட்கத்தானே நான் மேல வர்றதே. தொடரைவிட அதுதான் நல்லா இருந்தது. சத்தியமா நான் சிரிக்கல."

"மாஸ்டர் சிரிச்சார். அவருக்கும் முடிவு தெரியாது, எனக்கும் தெரியாது. அது விளையாட்டு." அக்கா ஊசியை மணிக்கட்டுப் பட்டையில் குத்தினார். "நீங்க வேடிக்கை பார்த்திருக்கீங்க. கணப்புக்கு முன்னால உட்கார்ந்து."

மணி பத்து ஐம்பத்தேழு. டீ நேரம் முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அக்கா எழுந்து மெஷினுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் லிஃப்ட்டில் ஏறவில்லை. தரைத்தளத்திலிருந்து நான்காம் மாடிக்கு எண்பத்தெட்டுப் படி. காலையில் கைப்பையோடும், சில நாள் மூட்டையோடும் ஏறினார். "அக்கா, காலியாத்தான் இருக்கு" என்று கதவைத் திறந்தபடி லிஃப்ட்காரர் நிற்பார். அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அடுத்த படியில் கால் வைப்பார். சாப்பாடு மறுபடியும் சுவரைப் பார்த்து. அவருடைய அண்ணன் வீட்டில் அந்த ஒரு மணி நேரத்துக்கு இப்போது சமையல் நிகழ்ச்சி ஓடுகிறதாம்.

இப்படி ஆன ஐந்தாவது வாரம் தையலுக்கு வந்த சீருடைக் குவியலில் லிஃப்ட்காரரின் கோட்டும் இருந்தது. மேல் பொத்தான் இல்லை. தானாக விழுந்ததா, அவரே பிய்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன். அக்கா கழுத்துப் பட்டையிலிருந்த ஊழியர் எண்ணைப் பார்த்தார். பொத்தானை வைத்துத் தைத்தார். நூலை அடியில் நான்கு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். நான் எதிரில் உட்கார்ந்து எண்ணினேன்.

மாலை நான்கு பத்துக்கு லிஃப்ட்காரர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேலே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பொத்தானைப் பிடித்துக் காட்டினார்.

"நாலு சுத்து அக்கா!"

அக்கா மெஷினை நிறுத்தவில்லை.

"எல்லாக் கோட்டுக்கும் நாலுதான்" என்றார். "பொத்தானைப் பார்த்து ஆளைச் சொல்றதை நான் விட்டுட்டேன்."

லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் பொத்தானைப் பிடித்தபடியே நின்றார். பிறகு போனார். ஐந்து மணிக்கு அக்கா விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினார். நானும் கூடவே வெளியே வந்தேன். லிஃப்ட் நான்காம் மாடியிலேயே, கதவு திறந்தபடி நின்றிருந்தது. அக்கா அதைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனார். முழங்கால் வலிக்காக ஒவ்வொரு மாடியிலும் சற்று நின்று, எண்பத்தெட்டுப் படியும் இறங்கினார்.