மூன்று பூட்டுப் போட்ட கதவு

மூன்று அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே வாசல். ஒரே ஜெனரேட்டர். நில அளவை அலுவலகத்தார் தங்களுக்கென்று பூட்டி வைத்திருந்த கழிவறை, இப்போது தடுப்பூசி போட வரும் தாய்மார்களுக்கும் திறந்திருக்கிறது. நூலகத்தின் பெரிய கூடம் மதிய நேரங்களில் கர்ப்பிணிகளின் வகுப்புக்குக் கிடைக்கிறது. மாடிப்படிக்குக் கைப்பிடி வந்துவிட்டது. இவை என் தம்பி வென்றவை. அதிகாரம் எதுவும் இல்லாமல், குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் போய் நின்று நின்று வென்றவை. அக்கா எழுதுவதால் மிகையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கழிவறைக்கு மட்டும் அவன் கிட்டத்தட்ட ஒரு வருடம் நடந்தான்.

கட்டடம் முன்பு வரி அலுவலகமாக இருந்தது. அவர்கள் வேறு இடத்துக்குப் போனபின் பாதிக்கு மேல் பூட்டியே கிடந்ததை, மூன்று துறைகள் பகிர்ந்துகொள்ளட்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். கீழே நூலகம். மாடியில் ஒரு பக்கம் தாய்சேய் நல நிலையம், மறுபக்கம் நில அளவை அலுவலகம், நடுவில் நூலகத்தின் புத்தகக் கிடங்கு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கட்டடப் பொறுப்பாளர், அதுதான் தம்பி. சம்பளம் கொடுப்பது ஒரு துறை. திட்டுகிற உரிமை மூன்றுக்கும் உண்டு.

அவன் பயந்த சுபாவக்காரன். அதை மறைப்பதும் இல்லை. காலையில் வந்ததும் ஒவ்வொரு ப்ளக்குக்கும் பக்கத்தில் குனிந்து மோந்து பார்ப்பான். மின்பெட்டியின் மேல் புறங்கையை வைப்பான், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல. அலுவலகத்தில் அவனுக்கு ‘மூக்கு’ என்று பெயர். “மூக்கு வருது, டீ போடற ஹீட்டரை உள்ள தள்ளு,” என்று அவன் காதுபடவே சொல்வார்கள். அவன் நேராகப் போய் அந்த ஹீட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். எந்த இடத்துக்குப் போனாலும் வெளியேறும் வழி எது என்று தெரிந்த பிறகுதான் உட்காருவான். “இவரோட சினிமாவுக்குப் போனா படத்தப் பாக்க மாட்டாரு அண்ணி. ‘வெளியே’ன்னு சிவப்பா எரியற பலகையத்தான் கடைசி வரைக்கும் பாத்துட்டு இருப்பாரு,” என்று அவன் மனைவி என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இத்தனை பயங்களிலும் பெரிய பயம் மாடியின் பின்பக்கக் கதவு. அதைத் திறந்தால் வெளியே இரும்புப் படிக்கட்டு. தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்களுக்கு முன்படியை விட்டால் அது ஒன்றுதான் வழி. வரைபடம் திருடு போகும் என்று நில அளவைக்காரர்கள் அதில் ஒரு பூட்டுப் போட்டார்கள். மருந்து போய்விடும் என்று நல நிலையம் ஒன்று போட்டது. அடுத்தவர் பூட்டை நம்பி நாம் எப்படி இருப்பது என்று நூலகமும் ஒன்று போட்டது. ஒரே கொண்டியில் மூன்று பூட்டு. மூன்றையும் திறந்தால்தான் கதவு திறக்கும். ஒவ்வொரு துறையும் மற்ற இருவர் முதலில் எடுக்கட்டும் என்றது. கழிவறையை வென்றவனால் இந்தக் கதவை வெல்ல முடியவில்லை.

அன்று தடுப்பூசி நாள். என் தையல்கடை கட்டடத்துக்கு எதிரில்தான். முதலில் எனக்கு வாடைதான் வந்தது, ரப்பர் கருகும் வாடை. நிமிர்ந்தால் மாடி ஜன்னலில் புகை. தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் வயர் கருகி, பக்கத்துத் திரைத்துணியில் பற்றியிருந்தது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களுமாக முன்படி முழுக்கக் குழந்தைகளோடு பெண்கள். யாரும் நகர முடியவில்லை. தம்பி மெயின் சுவிட்சை இறக்கினான். திரையைப் பிடுங்கி மிதித்தான். பிறகு பின்கதவுக்கு ஓடினான். நில அளவை அதிகாரி சாவியோடு வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். நூலகரின் சாவி அவர் கைப்பையில், கைப்பை வீட்டில். நல நிலையத்தின் சாவி, புகை வந்த அதே அறையின் மேசைக்குள்.

திரையை மிதித்து அணைத்ததில் புகை மெல்ல அடங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேலே போனபோது அவன் அந்த மூன்று பூட்டுகளையும் ஒரே கையில் கொத்தாகப் பிடித்தபடி நின்றிருந்தான். விடச் சொன்னேன். விரல்கள் பிரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

மறுநாள் அதே அறையில் கூட்டம் போட்டார்கள். எரிந்த திரைக்குப் புதிதாகத் தைக்க அளவெடுக்கச் சொல்லியிருந்ததால் நான் ஜன்னலோரம் டேப்போடு நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

“அவங்க ரெண்டு பேரும் எடுக்கட்டும். நான் எடுக்கறேன்,” என்றார் நில அளவை அதிகாரி.

“சார் எடுத்தா எங்களுக்கு என்ன. எங்க பூட்டு சும்மா துணைக்குத் தொங்குது,” என்றார் நூலகர்.

“துணைக்குத் தொங்குற பூட்டுக்குத்தான் மேடம் நேத்து சாவி கிடைக்கல,” என்றார் நல நிலையத்தின் சிஸ்டர்.

அதிகாரி ஒரு வழி சொன்னார். “மூணையும் சங்கிலி மாதிரி ஒண்ணுல ஒண்ணு கோத்துடலாம். யார் சாவி போட்டாலும் திறந்துக்கும்.”

“சாவியே வேணாம் சார்,” என்றான் தம்பி. “புகையில கண்ணு தெரியாது. உள்ளேருந்து தாழ்ப்பாளைத் தள்ளினா திறக்கணும். வெளியேருந்து யாரும் வர முடியாது.”

“உள்ள இருக்கறவன் எடுத்துட்டுப் போனா?”

அதிகாரி மேசையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“சரிப்பா, எடுத்துடலாம். எது காணாமப் போனாலும் நான் பொறுப்புன்னு யாராச்சும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே என் பூட்ட எடுக்கறேன்.”

நூலகர் போனைப் பார்த்தார். சிஸ்டர் தனக்கு அடுத்த மாதம் மாறுதல் என்றார். அதிகாரி மூடிய பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். கருகிய வாடை இன்னும் சுவரில் இருந்தது.

“நான் போடறேன் சார்.”

“யோசிச்சுச் சொல்லு. ஒரு வரைபடம் போனா உன் வேலை போயிடும். பென்ஷனும் கூடவே போகும்.”

“தெரியும் சார்.”

வாடகை வீடு, படிக்கிற இரண்டு பெண்கள், மாமியாரின் மருந்து. எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. நான் பேசக் கூடாத இடம் என்று தெரிந்தும் வாய் திறந்துவிட்டது. “டேய், வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடேன்டா.”

“பயமாத்தான்க்கா இருக்கு,” என்றான், என் பக்கம் திரும்பாமல். “நேத்து அந்தக் கதவுகிட்ட நின்னப்ப இதவிட பயமா இருந்துச்சு.”

அந்தக் கட்டடத்தின் எல்லாக் காகிதங்களையும் எழுதுகிறவன் அவன்தான். ஆனால் ஓரத்தில் இரண்டு எழுத்து மட்டும் போட்டு நகர்த்திவிடுவான். கீழே முழுக் கையெழுத்து மேலே உள்ளவர்களுடையது. அன்று நான்கு வரி எழுதினான். அடித்தல் திருத்தல் இல்லை. ஜன்னல் காற்றில் காகிதம் எழும்பியது. சிஸ்டர் அதன் மூலையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டார். எங்கள் அப்பா பெயரின் முதலெழுத்தில் தொடங்கி, தன் பெயரின் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்வரை, மெதுவாக, முழுதாகப் போட்டான்.

பிறகு தலை நிமிராமலே கேட்டான். “இன்னிக்கு என்ன தேதி சிஸ்டர்?”

அவர் சொன்னார். கையெழுத்துக்குக் கீழே எழுதினான்: பிப்ரவரி 19, வியாழக்கிழமை.