பதினோராம் பத்தி

கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் முத்திரைத்தாள் விற்பவருக்கும் நடுவில், ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டால் கதவைச் சாத்த முடியாத ஓர் அறை. அதில் இருபத்திரண்டு வருடமாக மனு அடித்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தலை நரைத்த வக்கீலுக்கும் அக்கா, நேற்றுக் கறுப்புக் கோட்டு மாட்டிய வக்கீலுக்கும் அக்கா. "எனக்கு எத்தனை தம்பிங்கடா சாமி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. அடிப்பதைப் படிக்க மாட்டாள். நம்புவது கஷ்டம்தான், ஆனால் சத்தியமாக அப்படித்தான். வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு விவாகரத்து மனுவைப் படித்துக்கொண்டே அடித்து, அழுது, ஒன்பது இடத்தில் தப்பு விட்டு, வக்கீலிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு தன்னைப் பழக்கிக்கொண்டாள். எழுத்து கண் வழியே வரும், விரல் வழியே போகும், நடுவில் எதுவும் தங்காது. அன்றைக்கு எத்தனை குடும்பம் உடைந்ததை அடித்திருந்தாலும் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடுவாள். "படிச்சா பைத்தியம் புடிச்சிடும்" என்பாள். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

புருஷன் லாரி ஓட்டுபவன். வாரத்தில் ஒரு நாள் வருவான், "நீ பாத்துச் செய்" என்பான், போய்விடுவான். ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் அந்த இரண்டாவது நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அம்மா அடித்துப் போடும் தாள்களை ஒன்று விடாமல் படித்துத் தப்புத் திருத்துவாள். வக்கீல் குமாஸ்தாக்கள் "பாப்பா பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாளை வாங்குவார்கள். அப்படிப் படித்துப் படித்தே பன்னிரண்டாவது முடிந்ததும், "லா காலேஜ்தாம்மா" என்றுவிட்டாள். ஏப்ரல் தொடங்கி, நுழைவுத் தேர்வுக்குத் தயாரான நாலு மாதம் மட்டும் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

தேர்வில் தேறினாள். அப்புறம் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்ற கேள்வி வந்தது. அக்கா தன் தம்பிமார் அத்தனை பேரிடமும் கேட்டாள். அஞ்சு வருஷப் படிப்பில் போடு என்றார் ஒருவர். முதலில் ஒரு டிகிரி வாங்கட்டும், பிறகு மூணு வருஷம் சட்டம் படிக்கட்டும் என்றார் இன்னொருவர். கல்லூரியாவது ஒண்ணாவது, நல்ல சீனியரிடம் சேர்வதுதான் படிப்பு என்றார் மூன்றாமவர். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அவள் மண்டை காய்ந்துபோனது.

கடைசியில் இரண்டு கல்லூரி நின்றது. ஒன்று, பதினைந்து மணிநேர ரயில் தூரத்தில். பழைய கட்டடம், பழைய பெயர். கலந்தாய்வில் முதல் சுற்றிலேயே பாப்பாவுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இன்னொன்று, நாற்பது நிமிட பஸ்ஸில். கண்ணாடிக் கட்டடம். மாணவர்கள் வாதாடிப் பழக, சாட்சிக்கூண்டோடு ஒரு மாதிரி நீதிமன்றம்கூட உண்டு. பாப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்து மூச்சிரைப்பு. ஹாஸ்டலில் யார் பார்ப்பார்கள்? இது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது வேறு. அந்த நாலு மாதக் காலி நாற்காலியே அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

"அங்கீகாரம் இருக்கான்னு ஒரு தடவ விசாரிக்கணும்மா" என்றாள் மகள்.

"அவ்ளோ பெரிய கட்டடத்த அங்கீகாரம் இல்லாமயா நடத்துவான்? நான் கோர்ட்டு வாசல்லயே உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, "உன் இஷ்டம்மா" என்றாள். அக்கா தன் கம்ப்யூட்டரிலேயே 'இடம் வேண்டாம்' என்ற கட்டத்தை அழுத்தினாள். அடுத்த வாரம் கண்ணாடிக் கட்டடத்தில் அசல் சான்றிதழ்களைக் கொடுத்து, நீட்டிய ஏழெட்டுத் தாளில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். படிக்கவில்லை. பாப்பாவை அந்த நேரம் புகைப்படம் எடுக்க வேறு அறைக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

வகுப்பு தொடங்கி மூன்று வாரம். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பெரிய வக்கீலின் குமாஸ்தா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பழைய மனுதாங்கா. ஏப்ரல்ல நீங்கதான் அடிச்சீங்க. இப்ப அப்பீலு. தேதிய மாத்தி, கடைசியில ஒரு பத்தி சேத்துக் குடுத்துடுங்க."

பழைய மனுவைத் திறந்தாள். மனுதாரர் என்ற இடத்தில் அந்தக் கல்லூரியின் பெயர் இருந்தது. ஏப்ரலில் அது பத்தோடு பதினொன்றாக விரல் வழியே போன பெயர். இப்போது அப்படிப் போக மறுத்தது. அந்த விவாகரத்து மனுவுக்குப் பிறகு முதல்தடவையாக அக்கா ஒரு மனுவைப் படித்தாள்.

மூன்றாம் பத்தி: இந்த ஆண்டுச் சேர்க்கைக்கு அங்கீகாரம் மறுக்கப்பட்டது. ஏழாம் பத்தி: இந்த ஆண்டு சேரும் மாணவர்கள் பட்டம் பெற்றாலும் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. எல்லாம் அவள் அடித்தது. ஓர் எழுத்துப்பிழை இல்லை.

"இது ஜெயிக்குமா தம்பி?"

"கீழ் கோர்ட்டுல தோத்துதானக்கா மேல வந்திருக்கு. வருஷக்கணக்கா இழுக்கும். நமக்கென்ன."

அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ரயில் தூரத்துக் கல்லூரியில் ஒரு பெண் பேசினாள். "அந்த இடம் அடுத்த சுற்றுலயே போயிடுச்சும்மா. போன புதன்கிழமையோட சேர்க்கையும் முடிஞ்சுது."

"ஒரு ஓரமா உக்கார வச்சா போதும்மா. அவ நல்லாப் படிப்பா."

"நீங்களே வேணாம்னு குடுத்திருக்கீங்களேம்மா. அடுத்த வருஷம் மறுபடி பரீட்சை எழுதச் சொல்லுங்க."

கண்ணாடிக் கட்டடத்துக்கும் பேசினாள். கோர்ட்டு தீர்ப்பு வரும்வரை யாருக்கும் சான்றிதழ் திருப்பித் தரப்படாது என்றார்கள். அசல் சான்றிதழ் இல்லாமல், அடுத்த வருஷம் பரீட்சையில் தேறினாலும் எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? பெற்ற மகள் தலையில் தன் கையாலேயே மண்ணை வாரிப் போட்டுவிட்டேனே என்று வாசல் சுவரில் சாய்ந்து நின்றாள். ஜெராக்ஸ் கடைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அது அவள் காதில் விழவில்லை.

"நாலு மணிக்குள்ள வேணும்க்கா" என்று உள்ளேயிருந்து குமாஸ்தா குரல் கொடுத்தார்.

வந்து உட்கார்ந்தாள். சேர்க்கவேண்டிய பதினோராம் பத்தி பென்சிலில் எழுதியிருந்தது. 'மாணவர்களும் பெற்றோரும் அங்கீகார வழக்கை முழுமையாக அறிந்தே, தம் சொந்த விருப்பத்தின் பேரில் சேர்ந்துள்ளனர். அவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழிகள் இணைக்கப்பட்டுள்ளன.' அந்த ஏழெட்டுத் தாளில் அவள் படிக்காமல் போட்ட கையெழுத்துத்தான் அது. தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் இந்தக் கல்லூரி ஜெயித்தால்தான் பாப்பாவின் பட்டம் செல்லும். மகளுக்கு இனி மிச்சமிருப்பது இந்தப் பொய் ஒன்றுதான். அதையும் தப்பில்லாமல் அடிக்கவேண்டும். ஒவ்வொரு சொல்லாகப் படித்துப் படித்து அடித்தாள். இரண்டு வரிக்கு இருபது நிமிடம் ஆனது.

தாள்கள் பிரிண்டரில் வந்துகொண்டிருக்கும்போதே பாப்பா பஸ் இறங்கி வந்துவிட்டாள். பையைக் கழற்றி வைத்து, குமாஸ்தா எழுந்து இடம் விட, இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல் தாள்களை எடுத்தாள். முதல் பக்கத்தில், கல்லூரியின் பெயரில் மகளின் கண் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது. பதினோராம் பத்தியை இரண்டு தடவை படித்தாள்.

"இது ஏப்ரல்ல நீ அடிச்சதாம்மா?"

"ஆமாண்டி."

குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். "பாப்பா பாத்தாச்சா? தப்பு ஏதும் இருக்கா?"

"ஒரு எழுத்துகூட தப்பில்ல அங்கிள்" என்று மகள் தாள்களை வரிசைப்படுத்தி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

"நான் படிக்கலடி. சத்தியமா நான் எதையுமே படிக்கல" என்றாள் அக்கா. மகள் கத்தியிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"தெரியும்மா" என்றாள் மகள். "ஏப்ரல்ல நான் ஒரு நாளாவது இங்க வந்து உக்காந்திருக்கணும்."