கப்பலிலேயே அவித்த இறால்

பண்ணை இறால் என் வீட்டு வாசலைத் தாண்டாது என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன்.

இன்று லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடையில் ஐரோப்பியக் கடலில் பிடித்த இறாலைக் கண்டேன். பண்ணை இறாலைவிட விலை மிக அதிகம்.

"ஐயா, இது கப்பலிலேயே அவிச்சது. கறிக்குச் சரிவராது," என்றார் கடைக்காரர்.

"இறாலைப் பற்றி நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம் தம்பி," என்று இரண்டு கிலோ வாங்கிவந்தேன்.

மனைவி கறி வைத்தார். இரண்டாம் முறை வெந்த இறால் ரப்பர்தான். பிள்ளைகள் ஒரு வாயோடு எழும்பிவிட்டார்கள்.

"எப்பிடியப்பா இருக்கு?" என்று மனைவி கேட்டார்.

"நல்லா இருக்கு."

"அப்ப மிச்சமெல்லாம் உங்களுக்குத்தான்," என்று சட்டியையே என் முன்னால் வைத்துவிட்டார்.

இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

இறாலைப் பிடித்த கையோடு அவிக்கக் கப்பல்காரருக்கு அப்படி என்ன அவசரம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நேரில் வந்து சொன்னால் சாப்பாடும் உண்டு.