அப்பாவுக்கு ஒரு முதற்சொல்

என் மனைவி சென்ற ஐப்பசியில் காலமானாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர் அவளிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தவர்கள். தலை நரைத்த பின்னும் அவளை 'டீச்சர்' என்றே குறிப்பிட்டார்கள். அவளிடம் பாடம் கேட்ட இன்னொருவரைப் பற்றி அவர்கள் அறியமாட்டார்கள். அவர் என் தந்தை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருவள்ளூரில் எங்கள் குடும்பம் தலைமுறைகளாகக் கோயில் கைங்கரியத்தில் இருந்தது. பெருமாளுக்கு முன் ஆழ்வார்களின் பாசுரங்களைச் சேவிக்கும், அதாவது ஓதும், கோஷ்டியில் அப்பாவுக்கு முதலிடம். கோஷ்டியில் எல்லோரும் ஒன்றாகத் தொடங்குவதில்லை. அர்ச்சகர் குரல் கொடுத்ததும் ஒருவர் மட்டும் பாசுரத்தின் முதற்சொல்லைத் தனியே சொல்வார். மற்றவர்கள் அதன் பிறகே சேர்ந்துகொள்வார்கள். அந்த முதற்சொல் எங்கள் வீட்டுக்கு உரியது. தை உற்சவத்தில் அதைச் சொல்ல இயலாமற்போனால் உரிமை அடுத்த பங்காளியான என் சித்தப்பாவிடம் போகும். நான் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழுந்த ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினேன். பாசுரம் எனக்கு மனப்பாடமில்லை. வார நாட்களில் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டுச் சனிக்கிழமை மாலை, ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி வீட்டுக்கு வருவேன்.

அம்மா முன்பே போய்விட்டிருந்தாள். வீட்டில் அப்பாவும் என் மனைவியும் மட்டும். திருநின்றவூர்ப் பெண்ணான அவள் திருமணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் எதிரில் நின்று பேசியதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து "மாமா, தளிகை ஆயிடுத்து" என்று சாப்பிட அழைப்பாள். அவர் தொண்டையைச் செருமுவார். அவர்களுக்குள் இருந்த உரையாடல் அவ்வளவே.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்த அப்பா வலப்பக்கமாகச் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். காலுக்கு ஓரளவு பலம் திரும்பியது. கைக்குத் திரும்பவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: 'அப்புறம்.' தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். பிறர் பேசுவது அனைத்தும் அவருக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை.

மருத்துவமனைக்கு அவரை அழைத்துப்போன ரிக்‌ஷாக்காரர் ஒருவர்தான் அந்தச் சொல்லுக்கு அஞ்சவில்லை.

"இன்னா சாமி, ஊட்டுக்குப் போலாமா?"

"அப்புறம்."

"அப்புறம்னா எப்போ சாமி? ரயிலு வர்ற நேரம், ஸ்டேஷன்ல சவாரி கீது."

"அப்புறம்."

"சரி, அப்புறமாவே போலாம். எம் பொண்டாட்டி துட்டு கேட்டா நானும் இதையேதான் சொல்லிக்கினு இருக்கேன்."

அப்பா கோணிய வாயால் சிரித்தார். நோய்க்குப் பின் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

டாக்டர் கையை விரித்துவிட்டார். என் மனைவி ஒரு மணையை இழுத்துப்போட்டு அப்பாவின் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தாள். கற்றுக்கொடுக்க வேண்டுமானால் வாயைக் காட்ட வேண்டும். கதவுக்குப் பின்னால் நிற்க முடியாது. வகுப்பில் பேசும் அதே குரலில் தொடங்கினாள்.

"மாமா, என் வாயைப் பாருங்கோ. தீ. தீர்த்தம். சொல்லுங்கோ, தீ…"

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கோவிச்சுக்கோங்கோ மாமா, தப்பில்லே. ஆனா வாயைத் திறந்து கோவிச்சுக்கோங்கோ."

இப்படியே ஆவணி கழிந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மாலை நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் விளக்கேற்றிக்கொண்டே ஒரு பாசுரத்தின் முதலடியை முணுமுணுத்தாள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் அடுத்த அடியைப் பிடித்தது. பழைய குரல், பிசிறில்லாத உச்சரிப்பு. பாசுரத்தை முடித்துவிட்டுத்தான் நின்றது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். அப்பாவின் கண்களில் நீர்.

"அப்பா! எப்படிப்பா?" என்றேன்.

"அப்புறம்," என்றார் அப்பா.

மூளையில் பேச்சும் மனப்பாடமும் வெவ்வேறு இடங்களில் தங்குகின்றன என்பதைப் பின்னாளில் படித்தேன். அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். யாராவது தொடங்கினால் அப்பாவால் எதையும் முடிக்க முடியும். அவரால் தொடங்க மட்டும் முடியாது. ஆனால் கோயிலில் அவருடைய பணி தொடங்குவது ஒன்றே.

அன்றிலிருந்து அவள் பாடத்தை மாற்றினாள். அவளுக்குத் தெரிந்த பாசுரங்கள் சில நாட்களில் தீர்ந்துபோயின. அப்பாவின் அலமாரியிலிருந்த அச்சுப் புத்தகத்தைப் பார்த்துத் தொடங்கினாள். அவள் தவறாகப் பதம் பிரித்தால் அப்பா இடக்கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். அவள் மாற்றிச் சொல்வாள். மீண்டும் தட்டுவார். சரியாக வந்த பிறகே தொடர்வார். அவர் தொடரும்போது அவள் உதட்டுக்குள் கூடவே சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று சனிக்கிழமைகளில் மட்டும் பார்க்கிற என்னால் பிரித்தறிய முடியவில்லை.

அவள் கொடுக்கும் தொடக்கத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தாள். முதலில் முழு அடி. பிறகு ஒரே சொல். பிறகு முதல் எழுத்து மட்டும். மார்கழியில் ஓசையே இல்லை. அவள் உதட்டைக் குவிப்பாள், அல்லது விரிப்பாள்; அதைப் பார்த்த மாத்திரத்தில் அப்பா முதற்சொல்லைத் தாமாகவே சொல்லிவிடுவார். என் வாழ்நாளில் நான் கண்ட சோதனைகளுள் இதைவிடத் துல்லியமான ஒன்று இல்லை.

தை உற்சவத்தன்று மண்டபத்தில் பெண்கள் நிற்கும் பக்கம், ஒரு தூணருகே அவள் நிற்பாள் என்று முடிவு செய்தோம். அங்கிருந்து கோஷ்டியின் முதலிடம் நேராகத் தெரியும். அவள் வாயசைத்தால் போதும். அதற்கு முந்தின நாள் சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார்.

"அண்ணா, சிரமப்பட வேண்டாம். அடியேன் பார்த்துக்கறேன்."

அப்பா மறுத்து வேகமாகத் தலையாட்டினார். "அப்புறம். அப்புறம்."

"சித்தப்பா, மாமாவே தொடங்குவர்," என்றாள் என் மனைவி. அவள் சித்தப்பாவோடு நேராகப் பேசியது அதுவே முதல் தடவை.

"நீ சொன்னா சரிம்மா. நான் வாயைத் திறக்கலே."

ரிக்‌ஷாவில் அழைத்துப் போனோம். திருமண் இட்டு, பஞ்சகச்சம் உடுத்தி அப்பா முதலிடத்தில் நின்றார். விழுந்துவிடாமல் தாங்க நான் பின்னால் நின்றேன். எதிரே தூணருகில் அவள். திரை விலகியது. அர்ச்சகர் குரல் கொடுத்தார். மண்டபம் அடங்கியது. அவள் உதட்டைக் குவித்தாள். நான் அதைத் தெளிவாகக் கண்டேன். அப்பா காணவில்லை. அவர் கண்கள் பெருமாளின் திருமுகத்தில் இருந்தன.

அவள் மறுபடி குவித்தாள். கையைச் சற்று உயர்த்தினாள். பக்கத்தில் நின்ற ஒரு மாமி அவளைத் திரும்பிப் பார்த்தாள். நான் அப்பாவின் காதருகே, "அப்பா, அந்தப் பக்கம்," என்றேன். அவர் அசையவில்லை. வாயைத் திறந்தார்.

"அப்புறம்," என்றார்.

உரக்க, தெளிவாக, கோயிலுக்கான குரலில். வரிசையின் கடைசியில் யாரோ ஒரு சிறுவன் சிரித்து, அடி வாங்கி நிறுத்தினான். சித்தப்பா காத்திருந்தார். நெடுநேரம் காத்திருந்தார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். பிறகு தலைகுனிந்து முதற்சொல்லைச் சொன்னார். கோஷ்டி சேர்ந்துகொண்டது. அப்பாவும் சேர்ந்துகொண்டார், ஒரு சொல் தவறாமல் கடைசிப் பாசுரம்வரை சேவித்தார். பின்னால் நின்ற எனக்கு அவர் முகம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்தபின் அவளிடம் கேட்டேன்.

"அப்பா ஏன் உன்னைப் பார்க்கலே?"

"பெருமாள் எதிர்லே நின்னுண்டு பொம்மனாட்டி நிக்கற பக்கம் மாமா திரும்புவாரா? அம்பது வருஷப் பழக்கம். நான் அதை நினைச்சிருக்கணும்."

நானும் நினைக்கவில்லை. எங்கள் ஏற்பாட்டில் அப்படியோர் ஓட்டை இருப்பதை முன்கூட்டியே அறிந்திருக்கக்கூடியவர் அப்பா ஒருவர்தான். அதைச் சொல்லும் வாய் அவருக்கு இல்லை. அறிந்திருந்தாரா, அந்தக் கணத்தில்தான் அவரும் அறிந்தாரா என்பது தெரியாது.

மறுநாள் காலை சித்தப்பா வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அழுதார். "அண்ணா, அடுத்த வருஷம் நீங்கதான். அடியேன் சும்மா காவலுக்கு." அப்பா இடக்கையைத் தூக்கிச் சித்தப்பாவின் நெஞ்சைத் தொட்டார். பிறகு கையைத் தம் வாய்மேல் வைத்துக்கொண்டார். அதற்கு என்ன பொருள் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை அவள் வழக்கம்போல மணையில் உட்கார்ந்து ஒரு பாசுரத்தைத் தொடங்கினாள். அப்பா தொடரவில்லை. முழு அடியையும் சொன்னாள். இரண்டடி சொன்னாள். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை. வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். கட்டில் சட்டத்தைக் கை தட்டவில்லை.

மனம் மறுத்ததா, நோய் மேலும் முற்றியதா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அதன்பின், மிஞ்சியிருந்த அந்த ஒரு சொல்லும் நின்றது. பங்குனியில் அப்பா இறந்தார். அதுவரை, நான் இல்லாத நாட்களிலும், அவள் ஒரு மாலையும் தவறாமல் எதிரே உட்கார்ந்து தொடங்கிக்கொண்டிருந்தாள் என்பதைப் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அறிந்தேன்.

உரிமை சித்தப்பா வீட்டுக்குப் போயிற்று. அவருக்குப் பின் அங்கும் யாருமில்லை; பிள்ளைகள் பம்பாயில். அந்த மாதங்களில் அப்பாவிடமிருந்து அவள் எத்தனை பாசுரங்களைப் பெற்றாள் என்பது எனக்குத் தெரியாது. கோஷ்டியில் அவளுக்கு இடமில்லை. வீட்டிலும், அப்பா போன பிறகு, அவள் வாய்விட்டு ஒன்றும் சேவித்து நான் கேட்டதில்லை. சேவிக்கும்படி நான் வேண்டியிருந்தால் சேவித்திருப்பாளா என்பதை அறிய இனி வழியில்லை.