ஒண்ணரை எருமை

சினிமாக் கொட்டகையில் அன்றைக்குக் கொஞ்சம்கூடப் பயப்படாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் எங்கள் மாமாதான் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமாவுக்கு இடது கண்ணில் பார்வை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சிலமலையில் எங்கள் வீட்டிலோ வரிசையாகப் பெண்கள். அதனால் என்னைப் படிக்க வைக்கிறோம் என்று போடிக்கு அழைத்து வந்துவிட்டார்கள். மாமா ஓர் ஏலக்காய்த் தோட்டத்து முதலாளியிடம் ஜீப் ஓட்டினார். காய் மூட்டைகளை மலையிலிருந்து இறக்குவதும், அரிசியையும் உரத்தையும் மேலே ஏற்றுவதும் அவர் வேலை. முந்தின மழைக்காலத்தில், பாதையில் சாய்ந்து கிடந்த ஒரு கிளையை விலக்கும்போது அது துள்ளி வந்து கண்ணில் அடித்துவிட்டது. வெளியே பார்க்கக் கண் நன்றாகவே இருந்தது. "செவந்துச்சு, சரியாப் போச்சு" என்று வீட்டில் சொல்லி முடித்துவிட்டார். முதலாளி காதில் விழுந்தால் அன்றைக்கே சாவியை வாங்கிவிடுவார். மாமாவுக்கோ வேறு சோலி தெரியாது.

ஒற்றைக் கண்ணுக்கும் உலகம் முழுசாகத் தெரியும். எது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் சட்டென்று பிடிபடாது. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அப்போது நான் கண்டதெல்லாம், மாமா திடீரென்று விளையாட்டுப் பிள்ளையாகிவிட்டார் என்பதுதான். சொம்பைத் தம்ளர் விளிம்பில் டங்கென்று தட்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார். ஜீப்பைக் கிளப்புமுன் ஓணான் மாதிரி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பார். தலையை ஆட்டினால் கிட்டே இருப்பது அதிகம் நகரும், எட்டி இருப்பது கொஞ்சமாக நகரும். அதை வைத்துத் தூரத்தைக் கணித்திருக்கிறார் பாவம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் போலவே ஆட்டிக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை தவறாமல் என்னையும் மலைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். முன்சீட்டில், இடது பக்கம் என் இடம். வளைவு வரும்போதெல்லாம், "ஆத்தா, எம்புட்டு இருக்கு?" என்று கேட்பார். நான் தலையை வெளியே நீட்டி, டயருக்கும் ரோட்டு விளிம்புக்கும் நடுவில் எத்தனை எருமை போகலாம் என்று சொல்ல வேண்டும். "ரெண்டு எருமை, மாமா!" "ஒரு எருமைதான்!" இதுதான் எங்கள் விளையாட்டு. ஒரு தடவை, "அய்யய்யோ, கன்னுக்குட்டிகூடப் போகாது!" என்று கத்தினேன். ஜீப்பு அப்படியே நின்றது. மாமா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு மேலே டீக்கடையில் எனக்கு ரெண்டு பழம்பொரி வாங்கித் தந்தார். சரிதான், இன்றைக்கு நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். நான் இல்லாத நாட்களில் எப்படி ஓட்டினாரோ!

அத்தை அந்த ரோட்டுப் பக்கமே வரமாட்டாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை மலைக்குப் போயிருக்கிறாள். பள்ளத்தைப் பார்க்கப் பயந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே போய், அப்படியே திரும்பி வந்தாளாம். "பயந்தாங்கொள்ளி அத்தை" என்று அவளைக் கேலி செய்வதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் போடிக்கு அந்தக் கண்ணாடிப் படம் வந்தது. வாசலில் ஆளுக்கொரு அட்டைக் கண்ணாடி கொடுப்பார்கள். மாட்டிக்கொண்டால் திரையிலுள்ளதெல்லாம் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் என்று தனித்தனியாகக் காட்டி மூளையை ஏமாற்றுகிற வித்தை. நாங்கள் மூன்று பேரும் மதியக் காட்சிக்குப் போனோம். ஒரு பாம்பு சீறிக்கொண்டு வெளியே வந்தது. கொட்டகையே அலறிக் குனிந்தது. அத்தை என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் நடுங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். மாமா சுவரைப் பார்ப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் அவசரமாகக் குனிந்தார். அதற்குள் பாம்பு திரைக்குள்ளேயே திரும்பிப் போயிருந்தது. எங்களைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

சாயங்காலம் குழாயடியில் அத்தையோடு நின்றபோது அளந்துவிட்டேன். "எல்லாரும் அலறுறாக, எங்க மாமா அசையக்கூட இல்லையே!" பெண்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். பிறகு, போன வருஷம் மாமாவுக்குக் கண் சிவந்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, அவள் சிரிப்பு நின்றுபோனது. வீட்டுக்கு வந்ததும், "மலைக்குப் போறப்ப மாமா ஒங்கிட்ட என்ன கேப்பாரு?" என்றாள். நான் பெரிய மனுஷியாட்டம் எருமை விளையாட்டை ஒன்றுவிடாமல் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா வந்து தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுத்தார். அத்தை தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஊத்துங்க" என்றாள். விளிம்பைத் தட்டிப் பார்க்கச் சொம்பு கிட்டே வரும்போதெல்லாம் தம்ளரைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். மாமா ஊற்றினார். தண்ணீர் முழுவதும் தரையில் விழுந்தது.

"எந்தக் கண்ணு?" என்றாள் அத்தை.

"எடது."

"இந்தப் பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டா அந்த ரோட்டுல போனீக?"

"அவ சொன்னா அளவு அச்சா இருக்கும்டி" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி. "இந்த சீசன் மட்டும் ஓட்டிக்கிறேன். பெறகு ஸ்டோர்ல காய் காயப்போடுற வேல கேக்குறேன். இப்பவே சாவியக் குடுத்துட்டு என்னத்தப் பண்ண?"

அத்தை அழுதாள். இவ்வளவு அழ என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இடது கண் போனால் வலது கண் இருக்கிறதே! நானும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சட்டி, பானை, அத்தை, மாமா எல்லாம் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் தலை சீவி ஓடி வந்தால், என் சீட்டில் அத்தை உட்கார்ந்திருந்தாள். கையில் எலுமிச்சம்பழம். "நீ வீட்டுல இருந்து படி ஆத்தா" என்றாள். நான் தரையில் விழுந்து புரண்டேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். மாமா என் முகத்தையே பார்க்கவில்லை. ஜீப்பு தெருமுனையில் சாக்கடையை ஒட்டித் திரும்பும்போது, "எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணரை எருமை இருக்குங்க!" என்றாள் அத்தை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் விளையாட்டில் அரை எருமையே கிடையாது. சீட்டும் போய், விளையாட்டும் போய், அதையும் தப்பாக விளையாடுகிறாளே! அன்றிலிருந்து ஒருநாள் விடாமல் அவள்தான் மலைக்குப் போனாள். பொங்கலுக்கு முன்னால் மாமா சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்டோர் வேலைக்குப் போகும்வரை நான் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷத்தையும் பிடுங்கிக்கொண்டாள் என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சீசன் முடியும்வரை அத்தை கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.