கோகன் லீவு தரவில்லை

என் தம்பி ஜப்பானுக்குப் போய் முதலில் கற்றுக்கொண்டது அரிசியின் பெயர்களைத்தான். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வயசானவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறு ஊட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். இங்கே எங்கள் ஊர் ஜெகதளாவில் அப்பாவும் நானும் போனைச் சொம்பில் சாய்த்துவைத்து உட்கார்ந்திருப்போம். வயலில் நின்றால் இனே, மூட்டையில் இருந்தால் கொமே, வெந்து கிண்ணத்துக்கு வந்தால் கோஹான், அதையே தட்டில் போட்டால் ரைஸு என்பான். ஒருதடவை நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். "ஐயோ அக்கா, கொமேன்னா வேகாத அரிசி" என்று சிரித்தான். அட போடா, நெல்லு, அரிசி, சோறு, பழையதுன்னு நமக்கு இல்லாததா? என்னமோ அரிசியையே அவன்தான் கண்டுபிடித்த மாதிரி அலட்டல்.

அப்பா டீ ஃபேக்டரியில் மெஷின் பார்த்து ரிட்டயர் ஆனவர். காது மந்தம். "காலையிலயும் கோஹான், ராத்திரியும் கோஹான். கோஹான் இல்லாம இங்க ஒண்ணும் நடக்காதுங்கப்பா" என்று தம்பி ஒருநாள் சொன்னதைக் கேட்டு, கோகன் என்பவர் அவனுடைய சூப்பர்வைசர் என்று முடிவு கட்டிவிட்டார். "அந்தக் கோகன் தங்கமான ஆளா கண்ணு?" என்று விசாரித்தார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான். அதற்கப்புறம் அவரைத் திருத்த எங்களுக்கு மனசு வரவில்லை.

பிறகு அப்பாவுக்கு ஈரல் கெட்டது. கோயமுத்தூர் வரை போய்க் காட்டினோம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே தம்பிக்குச் சொன்னேன். "வந்தர்றேன்க்கா, லீவு கேக்கறேன்" என்றான். அடுத்த வாரமும் கேக்கறேன். அதற்கடுத்த வாரமும் அதே பாட்டு. இங்கே அப்பா கஞ்சியையும் ஒதுக்க ஆரம்பித்தார். ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார்.

"அவன் வரட்டும், வந்தப்பறம் குடிக்கறேன். நீ அந்தக் கோகன்கிட்டப் பேசு கண்ணு. அப்பனுக்கு முடியலீங்கன்னு சொன்னா லீவு தராமயா போயிருவான்? அவனும் ஒரு அப்பனுக்குப் பொறந்தவன்தானே."

ஸ்பூனை வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் அப்பா கண்ணில் படாமல் தேயிலைக்காட்டு ஓரம் போய் நின்று தம்பியைக் கூப்பிட்டேன். "நெசமாச் சொல்லு. லீவு கேட்டியா இல்லியா?" அவன் சொன்னான்: "கேக்கலக்கா. இப்பக் கேட்டா விசா புதுப்பிக்கறப்ப யோசிப்பாங்க. அதுவுமில்லாம இங்க ஒரு தாத்தா, நான் ஊட்டுனாத்தான் ஒகாயு குடிப்பாரு."

ஒகாயு என்றால் கஞ்சி. அதையும் அவனேதான் சொல்லிக்கொடுத்திருந்தான். "இங்கயும் ஒரு கெழவன் நீ வந்தாத்தான் குடிப்பேன்னு கெடக்கறான்டா!" என்று கத்தினேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்த வாரமே அப்பா போய்விட்டார். வாய்க்கரிசி போட மகன் எங்கே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பங்காளி வீட்டுப் பையனைக் கூப்பிடலாம் என்று ஒருத்தர் யோசனை சொன்னார். "ஏனுங்க, இத்தன நாள் கஞ்சி ஊட்டுன கை இங்கதானுங்களே இருக்குது" என்று சொல்லிவிட்டு முதல் பிடியை நானே போட்டேன். அந்த உதட்டை விரலால் விலக்கித்தான் போட வேண்டியிருந்தது. அப்போதும் லேசில் திறக்கவில்லை.

எடுத்துக்கொண்டு போனபிறகு வீடு கழுவிவிட்டு உட்கார்ந்தேன். தம்பியிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. அவன் அறையில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு கிண்ணத்தில் குவித்து வைத்த சோறு, நடுவில் செங்குத்தாகக் குத்தி நிறுத்திய இரண்டு குச்சிகள். கீழே எழுதியிருந்தான்: "அக்கா, இங்க செத்தவங்களுக்கு இப்படித்தான் வெப்பாங்க. மகுராகோஹான்னு பேரு. தலகாணிச் சோறுன்னு அர்த்தம், தலமாட்டுல வெக்கறது. அப்பாவுக்காக வெச்சிருக்கேன்."

அவனும் அழுதிருப்பான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

"தலகாணி இங்கதானேடா கெடந்துச்சு."