அவள் குரலின் மேல் பதிந்தது

1995 ஜூலையில், தியாகராய நகரில் ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தபோது ‘வகுப்பு வானொலி’யைத் தொடங்கினேன். வாரத்துக்கு ஒருவர் மூன்று நிமிடம் பேச வேண்டும். என் வீட்டு டேப் ரிக்கார்டரில் பதிந்து, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எல்லோரும் கேட்போம். எழுதிவைத்துப் படிக்கக் கூடாது. பிள்ளைகள் வாய் திறந்து பேசப் பழகட்டும் என்று நானே போட்ட விதி அது. கேசட் உறையில் தேதியும் பொருளும் குறித்துவைப்பேன்.

செப்டம்பரில், அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் முறை. அதுவரை வகுப்பில் பேசியே அறியாதவள். வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்த நாளைச் சொன்னாள்.

“பக்கத்தூட்டு ஆடு எங்க கட்டில் மேல ஏறி குந்திக்கினு கீது. எங்கம்மா அத்தப் பாத்து, ‘இன்னா கலெக்டரே, வெள்ளத்தப் பாக்க வந்தியா?’ன்னு கேக்குது.”

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. பெற்றோர் தினத்தில் இதையே போடுவோம் என்றேன். வீட்டு வேலைக்குப் போகும் அவள் அம்மா அதற்காக அரை நாள் லீவு கேட்டு வாங்கினார்.

விழாவுக்கு முந்தின நாள் தலைமையாசிரியை கேசட்டைக் கேட்டுப் பாதியில் நிறுத்தினார்.

“என்ன டீச்சர் இது, சந்தைக்கடை மாதிரி? பெரிய மனுஷாள்லாம் வரா. விஷயம் நன்னாத்தான் இருக்கு. சுத்தமா எழுதிக் குடுத்து வேற பொண்ணைப் படிக்கச் சொல்லுங்கோ.”

எழுதிக் கொடுத்தேன். ‘குந்திக்கினு கீது’வை ‘அமர்ந்திருந்தது’ ஆக்கியது நான்தான். பாண்டி பஜாருக்கு நடந்திருந்தால் புதுக் கேசட் கிடைத்திருக்கும். போகவில்லை. அதே பக்கத்தில், அவள் குரலை அழித்தே இன்னொருத்தியைப் பதிந்தேன். உறையில் தேதியை மட்டும் ஒழுங்காகத் திருத்தினேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் ஒலிபெருக்கியில் அது ஓடியது. ஆடு வந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் அவள் அம்மா கேட்டது, பின்னால் நின்றிருந்த என் காதில் விழுந்தது.

“இன்னாடி, உன் குரலு மாதிரியே இல்லியே?”

“மைக்ல அப்டித்தாம்மா கேக்கும்.”

கூட்டம் கலைந்ததும் அம்மா என்னிடம் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. மகள் இரண்டடி தள்ளி, சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

“எம்பொண்ணு நல்லாப் பேசுச்சா டீச்சர்?”

“ரொம்ப நல்லாம்மா” என்றேன்.